கேஜ் எந்தப் பக்கம் திறந்தது

காலை ரயிலில் எங்கள் பெட்டியில் முன்பெல்லாம் கிரிக்கெட் பேசுவார்கள். இப்போது சைட் பேசுகிறார்கள். மனை என்று யாரும் சொல்வதில்லை, சைட்தான். முப்பதுக்கு நாற்பது, கார்னர், கிழக்குப் பார்த்தது, எக்ஸ்பிரஸ் ரோடு இறங்குகிற இடத்திலிருந்து பத்தே நிமிஷம். பங்காரப்பேட்டை வருவதற்குள் ஒருவன் வாங்கிவிடுவான். வைட்ஃபீல்டில் கூட்டம் இறங்குவதற்குள் இன்னொருவன் அதையே விற்று லாபமும் பார்த்துவிடுவான். எல்லாம் வாயாலேயே. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பேன். கன்வர்ஷன் என்றால் என்ன, கத்தாவில் ஏ எது, பி எது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. கேட்க வெட்கம்.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான்தான், முதல் ஆள். அதனால் வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், டாக்டர் சீட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆதார் கார்டு, மாத்திரை அட்டையின் பின்னாலிருக்கும் பொடி எழுத்து. "படிச்சவன் நீ, பார்த்துச் சொல்லு" என்பார் அம்மா. நானும் பார்த்துச் சொல்வேன். மாத்திரை அட்டையில் இருப்பது எனக்கும் பாதி புரியாது. இதுவரை எதுவும் பெரிதாகத் தப்பாகவில்லை.

சைட் விஷயம் அப்படியில்லை. நாங்கள் இருப்பது ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், தங்கச் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். என் தாத்தா வந்த வீடு அது. நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் பிறந்தது, நான் பிறந்தது எல்லாம் அங்கேதான். ஆனால் வீடு எங்கள் பெயரில் இல்லை. பெயருக்கு மாறும், மாறும் என்று நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மைன் மூடியபோது நைனாவுக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை பேங்கில் டெபாசிட் போட்டு வைத்திருந்தார். அக்காவின் கல்யாணத்துக்குக்கூட அதைத் தொடவில்லை, அம்மாவின் நகைதான் போனது. அந்த டெபாசிட்டையும் என் பெயரில் கிடைக்கும் லோனையும் சேர்த்தால் ஒரு சைட் வாங்கலாம். ஒன்றே ஒன்று. அது தப்பாகப் போனால் இன்னொன்று வாங்க இந்தப் பிறவியில் எங்களால் ஆகாது. இது எனக்குத் தெரியும், நைனாவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

புரோக்கர் ஒருவர் கிடைத்தார். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எப்போது பார்த்தாலும் தலையில் ஹெல்மெட் இருக்கும். டீ குடிக்கும்போதும் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக் குடிப்பார்.

"தம்பி, பாலகாட் பக்கமெல்லாம் வெல ஏறிப்போச்சு. இனிமே நீ அங்க கண்ணால பார்க்கலாம், கையால தொட முடியாது. சாம்பியன் ரீப்ஸ் தாண்டி ஒரு லேஅவுட் கீது. முன்னாடி கேவுரு போட்ட நெலம். சுத்தமான பேப்பர். ஞாயித்துக்கெழம உங்க அப்பாவ இட்டுகினு வா. பெரியவங்க காலு பட்டா நல்லது."

இட்டுக்கொண்டு போனேன். அங்கேதான் எல்லாம் குழம்பியது.

லேஅவுட் நன்றாகத்தான் இருந்தது. செம்மண் ரோடு போட்டிருந்தார்கள். சைட்டுக்கு நாலு மூலையிலும் வெள்ளையடித்த கல். எங்களுக்குக் காட்டிய சைட்டில் ஒரு வேப்பங்கன்றுகூட முளைத்திருந்தது. நைனா அதையெல்லாம் பார்க்கவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, தூரத்தில் தெரிந்த சுரங்க சாஃப்டின் இரும்புக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த சாஃப்டில்தான் அவர் இருபது வருஷத்துக்கு மேல் இறங்கி ஏறினார்.

"ஒரு தபா அங்க போயிட்டு வரலாமா?" என்றார்.

"அங்க இன்னாண்ணா கீது? வேலி போட்டுட்டாங்க" என்றார் புரோக்கர்.

"வேலி வரிக்கும் போதும்."

போனோம். வேலியருகே நைனா கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு நடக்க ஆரம்பித்தார். நடை அவருடைய வழக்கமான நடையில்லை, கீழே சுரங்கத்துக்குள் நடந்த நடை. கொஞ்சம் குனிந்து, தலையை உள்ளுக்கு இழுத்து, ஒரே அளவாகக் கால் வைத்து. உதடு அசைந்தது, எண்ணுகிறார். ஓர் இடத்தில் சட்டென்று இடது பக்கம் திரும்பினார். அங்கே திரும்புவதற்கு ஒன்றுமே இல்லை, வெறும் புதர். புதருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தார். நான் பின்னால், எனக்குப் பின்னால் முதல் கியரில் புரோக்கரின் ஸ்கூட்டர். சாலையைத் தாண்டி, லேஅவுட்டின் வளைவைத் தாண்டி, நைனா போய் நின்ற இடம் எங்களுக்குக் காட்டிய அதே சைட். வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில்.

காலால் மண்ணைத் தட்டினார். "இதுக்கு நேர் கீழ எங்க ஸ்டோப் கீது. இது வேணாம்."

ஸ்டோப் என்பது தங்கக் கல்லை வெட்டி எடுத்த பிறகு உள்ளே நிற்கும் வெற்றிடம். ஒரு சர்ச்சுக் கட்டடத்தையே உள்ளே வைக்கலாம், அத்தனை பெரிது என்று நைனா சொல்லியிருக்கிறார்.

புரோக்கர் முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். "அண்ணா, இந்த ஊருல கீழ ஓட்டையில்லாத எடம் ஒண்ணு காட்டுங்க, நானே வாங்கிக்கிறேன். நீங்க படுத்துத் தூங்குற ஸ்கெலட்டன் கீழ இன்னா, இரும்பு ஊத்தி வெச்சிகீறாங்களா?"

"அது கம்பெனி வூடு. உழுந்தா கம்பெனிது உழுவும். இது எங்க காசு."

புரோக்கர் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். "அடுத்த திங்கக்கெழம வரிக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன். அப்புறம் என்னைக் கேட்காதே தம்பி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நான் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. புரோக்கர் கொடுத்த ஜெராக்ஸ் கட்டை ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். கன்னடம் பள்ளியில் படித்தது, எழுத்துக் கூட்டினால் வரும். கிழக்கே பொது ரோடு, மேற்கே இன்னாருடைய சைட், வடக்கே இன்ன நம்பர், தெற்கே இன்ன நம்பர். நாலு பக்கமும் எழுதியிருந்தது. அடியில் என்ன என்று ஒரு வரி இல்லை. ஒருநாள் லீவு போட்டு நில அளவை ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "பூமிக்கு மேலே இருப்பதற்குத்தானப்பா எங்களிடம் மேப். உள்ளே இருப்பதை உள்ளே போனவர்களிடம் கேள்" என்றார். உள்ளே போனவர் சொல்லித்தானே நான் அங்கே வந்தேன்!

ரயிலில் எதிரே உட்காருகிற நண்பனிடம் மெல்லச் சொன்னேன்.

"மச்சா, இதுக்குப் போய் லீவு போட்டியா? வாங்கு. ரெண்டு வருஷம் வெச்சிரு. வித்துடு. ஓட்டை அடுத்தவன் தலைக்குப் போயிடும்."

"அடுத்தவன் வீடு கட்டினா?"

"கட்டட்டுமே. அவன் இன்னா உங்க நைனாவ இட்டுகினு வந்து நடந்தா பார்க்கப்போறான்?"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு ஆபீசில் ஒரு மெயிலை இரண்டு முறை அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனாவின் பழைய கூட்டாளி வந்தார். இருவரும் ஒரே கேங்கில் வேலை செய்தவர்கள். அவர் டிம்பர்மேன், மேலிருந்து பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அம்மா சும்மா இல்லாமல் அவரிடம் விஷயத்தை எடுத்துவிட்டார்.

"எங்க? அந்த லேஅவுட்டுக்குக் கீழயா நம்ம ஸ்டோப்? உனுக்கு இன்னாயா ஆச்சு?" என்றார் அவர்.

"நடந்து பார்த்தேன்யா. காலு பொய் சொல்லாது."

"காலு சரி. எந்தப் பக்கம் நடந்தே? கேஜ்ல ஏறச்சொல்லோ டம்ப் எங்க இருந்துச்சு?"

"முதுகுக்குப் பின்னாடி."

"கரெக்ட்டு. கீழ எறங்கச்சொல்லோ எந்தக் கதவத் தொறந்தான்?"

"ஏறின கதவத்தான்."

"அதான் தப்பு! எதிர் கதவு! மேல இந்தப் பக்கம் ஏறினா கீழ அந்தப் பக்கம்யா எறங்குவோம்."

கல்லை அரைத்துக் கொட்டிய மண்மேடு டம்ப்; சாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். அதற்கு இரண்டு பக்கமும் கதவு. இவர்களுக்குக் கீழே வடக்கு தெற்கு கிடையாது. சாஃப்ட் பக்கம், கல் வெட்டுகிற பக்கம், இரண்டே திசை. இத்தனை வருஷத்தில் தங்கள் தலைக்கு மேலே எந்தத் தெரு போகிறது என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவர்களும் யோசித்ததில்லை. நான்தான் ஒரு சைட்டை வைத்து அதை யோசிக்க வைத்துவிட்டேன்.

வாய்ச்சண்டை தீரவில்லை. கடைசியில் எங்கள் வீட்டையே கேஜ் ஆக்கினார்கள். லைன் வீட்டுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, நடுவில் நீளமாக ஒரு அறை. கச்சிதமாக இருந்தது. என்னைத் தெருவில் நிற்கச் சொன்னார்கள். நான் டம்ப்.

"அசையாதேடா" என்றார் நைனா.

இருவரும் எனக்கு முதுகைக் காட்டி வாசல் வழியாக உள்ளே போனார்கள். அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். கூட்டாளி வாயாலேயே மணி அடித்தார். கேஜ் இறங்கியது. எத்தனை நேரம் இறங்கியது என்று எனக்குத் தெரியாது. அடுப்படியில் இருந்த அம்மா, "எறங்கியாச்சா இல்லியா? சோறு கொழையுது" என்று கேட்கும்வரை இறங்கியது. பிறகு நைனா திரும்பி என் பக்கமாக வாசல் வழியே வந்தார். கூட்டாளி பின்கதவைத் திறந்துகொண்டு காயப்போட்ட துணிகளுக்குள் புகுந்தார்.

"பார்த்தியா? பழக்கத்துல காலு தானா பின்கதவுக்குப் போச்சு" என்று புடவைக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

"என் காலு முன்கதவுக்குத்தான்யா வந்துச்சு!"

"உன் காலு எப்பவுமே வூட்டுக்குப் போறதுலயே இருக்கும்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் தெருவில் டம்பாகவே நின்றுகொண்டிருந்தேன். போகிறவர்கள், "இன்னாபா வெயில்ல நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளே போய்க் கேட்டேன். "எதிர் கதவுன்னா, நைனா நடந்த நடையை அப்படியே எதிர்ப்பக்கம் நடக்கணும். அப்படி நடந்தா ஸ்டோப் எங்கே வரும்?"

கூட்டாளி செங்கல் துண்டால் சிமெண்ட் தரையில் ஒரு வட்டம் போட்டார், அது சாஃப்ட். ஒரு கோடு இழுத்தார். திருப்பினார். இன்னொரு கோடு. கோடு முடிந்த இடத்தில் செங்கல் துண்டை வைத்துவிட்டு டீ டம்ளரை எடுத்தார்.

"இன்னா?" என்றார் அம்மா.

"ஏறக்குறைய இங்க" என்றார். "நம்ம லைன் பக்கம்."

அம்மா தரையைப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைக்கப் போனார்.

"எவ்ளோ ஆழத்துல கீது! அங்க இருக்கிற ஓட்டை மேல வந்து சொவர இழுக்குமா? வுடு" என்றார் கூட்டாளி, சமாதானமாக.

நைனா விடவில்லை. "அப்போ ஏர் பிளாஸ்ட் வந்தப்பல்லாம் உன் வூட்டு ஓடு ஏன்யா ஒடைஞ்சுது?"

கீழே பாறை வெடித்துச் சரியும்போது மேலே ஊர் ஆடும், அதுதான் ஏர் பிளாஸ்ட். நான் பார்த்ததில்லை. கூட்டாளி சாப்பிடாமலே கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "வாங்கு. இல்ல, வாங்காத. ஐயோ, என்னைக் கேட்காதேப்பா" என்றார்.

அன்று முழுக்க நைனா அந்தச் செங்கல் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அழிக்கவும் இல்லை. வாங்கலாமா என்று நான் கேட்கவில்லை, வேண்டாம் என்று அவரும் மறுபடி சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த சைட்டில் எத்தனை நல்ல வீடு கட்டினாலும் நைனா அங்கே கண்மூடமாட்டார். அவர் தூங்காத வீடு எனக்கு எதற்கு? திங்கட்கிழமை காலை சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் புரோக்கருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். சரி தம்பி என்று வைத்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பெங்களூர் போகும்வரை, சரியாகச் செய்தேன் என்று ஒரு ஸ்டேஷனிலும் தப்பாகச் செய்தேன் என்று அடுத்த ஸ்டேஷனிலும் தோன்றியது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நைனா அயர்ன் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே பேங்க் பாஸ்புக்.

"ஒடைச்சுட்டேன்" என்றார்.

"எதை?"

"டெபாசிட்ட. காலைலயே போயிட்டேன். மேனேஜரு ஏன், எதுக்குன்னு நூறு கேள்வி கேட்டான். என் புள்ளை வூட்டுக்குன்னு சொல்லிட்டேன்."

"நைனா, நான் காலைலயே வேணாம்னு சொல்லிட்டேன்."

"யார் சொன்னா வேணாம்னு?"

"நீதான் சொன்னே!"

"நான் சொல்லுவேன்டா. எனுக்கு இன்னா தெரியும்? எந்தக் கதவுல எறங்குனேன்னே தெரீல. நீ ஒரு வாரமா அந்தக் காயிதத்த வெச்சிகினே கீறே. படிச்சவன், உனுக்குப் புடிச்சிருக்குன்னுதானே நெனைச்சேன்."

"நான் உனக்காகத்தான்..."

"ரெண்டு பேரும் ஒரே வூட்டுல கீறீங்க" என்றார் அம்மா. "ஒரு வார்த்தை கேட்டுக்கக்கூடாதா? இவுரு ஒரு கதவுல போறாரு, நீ ஒரு கதவுல போற."

புரோக்கருக்கு மறுபடி போன் செய்தேன். அவர் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. "காலைல வேணாம், சாயங்காலம் வேணும். படிச்சவங்கன்னா இப்பிடித்தானா தம்பி? மத்தியானம் ஒரு பார்ட்டி வந்து பார்த்துட்டுப் போனாங்க. வூட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னு போயிகீறாங்க."

நைனா போனை என் கையிலிருந்து வாங்கினார். அவர் போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவார். "தம்பி, அவுங்களுக்கு அது கீழ இன்னா கீதுன்னு தெரியாது. எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவங்களுக்குக் குடு."

இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை. புரோக்கருக்கு எப்படிப் புரிந்ததோ, காலையில் டோக்கன் அட்வான்சோடு வரச் சொன்னார்.

இப்படித்தான் நாங்கள் வாங்கினோம். யோசித்து வாங்கினோம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் தப்பாகப் படித்து, இரண்டு தப்பும் எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் வாங்கினோம். யார் பெயரில் என்று கேட்டபோது நைனா என் பெயரில் போடச் சொன்னார். சாட்சிக்கு நான் வருகிறேன், கையெழுத்து நன்றாகப் போடுவேன் என்றார். உண்மைதான், சம்பள நாளில் போட்டுப் போட்டுப் பழகிய கையெழுத்து.

ரிஜிஸ்டர் ஆபீசில் நல்ல கூட்டம். போட்டோ எடுத்தார்கள், விரல் வைத்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல மனிதர், அவசரத்திலும் முகத்தைப் பார்த்துப் பேசினார். நைனா கையெழுத்துப் போட்டு முடித்ததும், எழுத்து அழகாக இருந்ததாலோ என்னவோ, பெரியவரே, நீங்கள் இடத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். நைனாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. பதிலைக் கன்னடத்தில் சொல்லத்தான் வரவில்லை.

"பார்த்துகீறேன் சார்" என்றார் தமிழில். "மேலயும் பார்த்துகீறேன், கீழயும் பார்த்துகீறேன். எந்தப் பக்கம்னு மட்டும்தான் தெரீல."

அதிகாரி என்னைப் பார்த்தார். புரோக்கர் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். எனக்கு மூன்று பாஷை தெரியும்.

"பார்த்திருக்கிறாராம் சார்" என்றேன் கன்னடத்தில்.

அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பி, அடுத்த கையெழுத்தை நான் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது அத்தனை நீளம், நான் சொன்னது இத்தனை சின்னது என்பது எந்த பாஷைக்காரருக்கும் தெரியும். அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் போட்டேன்.